மாரியோ அண்ட் லூயிஜி: சூப்பர்ஸ்டார் சாகா – முறை வைத்து நடக்கும் சண்டையில் டைமிங் எதற்கு?

எதிரி தாக்கும் முறை வரும்போது நாம் சும்மா பார்த்துக்கொண்டுதானே இருக்க வேண்டும், பட்டனை எதற்கு அழுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த விளையாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஆல்ஃபாட்ரீம் நிறுவனம் உருவாக்கி, 2003இல் நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த விளையாட்டு இது. மாரியோ, லூயிஜி என்ற சகோதரர்கள் இருவரையும் நாமே இயக்குகிறோம். ஏ பட்டன் மாரியோவுக்கு, பி பட்டன் லூயிஜிக்கு. நம் முறையில் எதிரியின் தலையில் கால் படும் நொடியில் சரியாக அழுத்தினால் அடி கூடும். எதிரியின் முறையில், அது இருவரில் யாரைக் குறிவைக்கிறது என்று அதன் அசைவிலேயே ஒரு குறிப்பு இருக்கும். அதைக் கவனித்து அவருடைய பட்டனை அழுத்திக் குதித்தால் தப்பிக்கலாம். சில தாக்குதல்களில் எதிரியின் மேலேயே குதித்துத் திருப்பி அடிக்கலாம். பழகிவிட்டால் ஒரு அடிகூட வாங்காமல் முழுச் சண்டையையும் முடிக்க முடியும். லெவல் குறைவாக இருந்தாலும் கண்ணும் விரலும் காப்பாற்றும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம், சகோதரர்கள் சேர்ந்து தாக்கும் பிரதர்ஸ் அட்டாக். புதியவர்கள் மெதுவான வேகத்தில் செய்து பழகலாம், ஆனால் இந்தத் தாக்குதலுக்கென்று உள்ள புள்ளிகள் அப்போது அதிகம் செலவாகும்.

முதல் சில சண்டைகளில் தாக்குவதை மறந்துவிட்டு எதிரியின் அசைவை மட்டும் பாருங்கள். 2017இல் நின்டெண்டோவின் 3டிஎஸ் கருவிக்கு வந்த மறுஆக்கத்திலும் டைமிங் பார்த்துப் பட்டன் அழுத்தும் இதே முறைதான்.