பையில் கிடக்கும் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்!
நினைவேடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் நினைவேடு பற்றி எழுதியிருந்தேன். டிக்கெட், ரசீது, பொத்தான், துண்டுச் சீட்டு என்று அன்றாடம் கைக்கு வந்து போகும் பொருள்களை ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நாலு வரி எழுதி, கொஞ்சம் அலங்கரித்து வைப்பதுதான் அது. நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நூலகம் ஒன்றில் பழைய புத்தகங்களைச் செப்பனிடும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அதனால் பசை, தாள், மை என்று வந்தால் பதில் கொஞ்சம் நீளும்.

கேள்வி: காலையில் ஆபீஸ், மாலையில் வீடு, இவ்வளவுதான் என் வாழ்க்கை. ஊர் சுற்றுவதில்லை, விசேஷம் எதுவும் இல்லை. நினைவேட்டில் ஒட்ட என்னிடம் என்ன இருக்கிறது?

உங்கள் கைப்பையை மேசைமேல் கவிழ்த்துப் பாருங்கள், சகோதரி. டாக்டரைப் பார்க்கக் கொடுத்த டோக்கன், புதுச் சட்டையோடு வந்த உபரிப் பொத்தான், யாருடையது என்றே மறந்துபோன ஒரு போன் நம்பர், பாதி கிழிந்த பார்க்கிங் சீட்டு என்று ஏதாவது விழும். ஒவ்வொன்றும் ஒரு நாளின் மிச்சம். விசேஷ நாள்களை எப்படியும் நாலு பேர் போட்டோ எடுத்து வைத்துவிடுவார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமையை நீங்கள் எடுத்து வைத்தால்தான் உண்டு.

என் ஏட்டில் ஒரு பக்கத்தில் 'லிஃப்ட் வேலை செய்யவில்லை' என்ற அறிவிப்புத் தாள் இருக்கிறது. லிஃப்ட் சரியானதும் அதைக் கழற்றிக் கொண்டுவந்து ஒட்டினேன். மாடிப்படியில் ஏறி இறங்கிய அந்த வாரத்தில்தான் மூன்றாம் மாடிக்காரரோடு முதல்முறையாகப் பேசினேன். அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவார், நானும் நிற்பேன். அதைத்தான் தாளுக்குக் கீழே எழுதியிருக்கிறேன்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1974 முதல் தன் மேசைமேல் சேரும் கடிதம், ரசீது, பத்திரிகைத் துண்டு எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் போட்டு மூடி வைத்துக்கொண்டே வந்தார். மொத்தம் 610 சேர்ந்தன. அவர் பெயரில் பிட்ஸ்பர்க்கில் உள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் அவை இருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, எது என்ன என்று பட்டியல் போட வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பெட்டிக்கு அப்படி யாரும் உட்காரப் போவதில்லை. ஆகவே ஒட்டுவதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். தேதி, கூட யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள். 'மறக்க முடியாத நாள்' என்று மட்டும் எழுதி வைத்தால் பத்து வருடம் கழித்து உங்களுக்கே ஒன்றும் புரியாது. 'மழை. குடை ஒன்றுதான் இருந்தது. அவளுடைய இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது' என்று எழுதினால் அந்தச் சாயங்காலம் அப்படியே திரும்ப வரும்.

கேள்வி: ஆசையாக ஒட்டி வைத்த பஸ் டிக்கெட்டுகள் எல்லாம் ஒரு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிட்டன. என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்திருக்கிறது. மெஷினிலிருந்து சுருளாக வரும் டிக்கெட், கடை பில், ஏடிஎம் சீட்டு பெரும்பாலும் தெர்மல் பேப்பர். அந்த மெஷினுக்குள் மையே கிடையாது. நிறம் தெரியாத ஒரு சாயமும், அமிலத் தன்மையுள்ள ஒரு பொருளும் தாளின்மேல் முன்கூட்டியே பூசப்பட்டிருக்கும். சூடு பட்ட இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து கறுப்பாகும். எழுத்து வருவது அப்படித்தான். சேர்ந்தது பிரியவும் செய்யும். வெளிச்சம், சூடு, எண்ணெய்ப் பசை, ஆல்கஹால், மெத்தென்ற பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ரசாயனம் இவையெல்லாம் அதற்கு எதிரி. சானிடைசர் தடவிய ஈரக் கையோடு பில்லைத் தொடுவதுகூடக் கெடுதல்தான்.

பத்திரப்படுத்துகிறேன் என்று சூடான லேமினேஷனுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தாள் முழுவதும் கறுத்துவிடும். பிவிசி என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், எழுத்தின்மேல் செலோடேப்பும் வேண்டாம்.

டிக்கெட் கைக்கு வந்த அன்றைக்கே சாதாரணத் தாளில் ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். ஜெராக்ஸ் எழுத்து பெரும்பாலும் கரித்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து தாளில் உருகிப் பிடித்தது. அவ்வளவு எளிதில் மங்காது. ஏட்டில் ஒட்ட வேண்டியது இந்த நகலைத்தான். ஒரிஜினலைப் பின்னட்டையில் ஒரு காகித உறை ஒட்டி அதற்குள் போட்டுவிடுங்கள், மங்கினால் மங்கட்டும். எங்கிருந்து எங்கே, எத்தனை மணி என்ற விவரத்தை நகலுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பென்சில் எழுத்து வெளிச்சத்தில் வெளுக்காது, தண்ணீர் பட்டாலும் ஓடாது. பேனாதான் பிடிக்கும் என்றால் பிக்மெண்ட் மை, அதாவது கரையாத நிறத்தூள் கலந்த மை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

செலோடேப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. என் வேலைமேசைக்கு வந்த கிழிந்த புத்தகங்களில் கிழிசலைவிட அதை ஒட்டிய டேப்தான் அதிகம் படுத்தியிருக்கிறது. நாளாக ஆக அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், மேலிருக்கும் பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், கறை மட்டும் அங்கேயே நிற்கும். தயவுசெய்து அதை நினைவேட்டின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: பசை தடவினால் பக்கம் அலை அலையாகச் சுருங்குகிறது.

தண்ணீர்ப் பசையின் ஈரத்தில் தாளின் இழைகள் உப்பும், காயும்போது சுருங்கும். குச்சிப் பசையில் ஈரம் குறைவு, அதைப் பயன்படுத்துங்கள். தண்ணீர்ப் பசைதான் இருக்கிறது என்றால் ஓரங்களில் மட்டும் மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவிவிட்டு, மேலே ஒரு பட்டர் பேப்பரை வைத்துக் கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். பசையோடு மல்லுக்கட்டுவது பழைய கதைதான். எழுத்தாளர் மார்க் ட்வைன் இதற்காகவே பக்கங்களில் முன்கூட்டியே பசை பூசிய ஒட்டுப் புத்தகம் ஒன்றுக்கு 1873இல் காப்புரிமை வாங்கினார். தண்ணீர் தொட்டு ஈரமாக்கினால் போதும், ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பாதி நோட்டு முடிவதற்குள் அது வாயைப் பிளந்துகொண்டு மூட மாட்டேன் என்கிறது.

நோட்டின் முதுகு, அதாவது தாள்கள் ஒன்றுசேரும் ஓரம், வாங்கினபோது இருந்த கனத்தில்தான் இருக்கிறது, பக்கங்கள் மட்டும் தடிக்கின்றன. வேறு எப்படி மூடும்? ஆரம்பிக்கும்போதே இரண்டு தாளுக்கு ஒரு தாளை வெட்டி எடுத்துவிடுங்கள். முழுவதும் வேண்டாம், முதுகோரம் 2 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அந்தத் துண்டு விளிம்புதான் நீங்கள் ஒட்டப்போகும் கனத்துக்கு இடம் கொடுக்கும். பொத்தான், சாவி வளையம் போன்றவற்றை எல்லாப் பக்கத்திலும் நட்டநடுவில் ஒட்டாதீர்கள். ஒரு பக்கத்தில் மேலே, அடுத்ததில் கீழே என்று மாற்றிக்கொண்டே போங்கள்.

கையால் தைத்தால் இந்தத் தொல்லை இன்னும் குறையும், கடினமும் இல்லை. 120 முதல் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) வரை உள்ள தாளாக நாலைந்து எடுத்து, ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள். மடிப்பில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று துளை. உள்ளிருந்து நடுத் துளை வழியாக ஊசியை வெளியே எடுங்கள், மேல் துளையில் உள்ளே விடுங்கள். நடுத் துளையைத் தாண்டிக் கீழ்த் துளைக்குப் போய் வெளியே எடுத்து, திரும்ப நடுத் துளையில் உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளே நீளமாக ஓடும் நூலுக்கு இரண்டு பக்கமும் நூலின் முனைகள் இருக்கும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். மாதத்துக்கு ஒன்று தைத்து, வருடக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கலாம். கடையில் விற்கும் தடித்த அலங்கார நோட்டைவிட எனக்கு இதுதான் பிடித்தம். ஒரு மாதம் எதுவுமே செய்யவில்லை என்றாலும் வெற்றுப் பக்கங்கள் முறைத்துப் பார்க்காது.

கேள்வி: பூக்களைப் புத்தகத்துக்குள் வைத்தேன். பழுப்பாகி, பூஞ்சையும் பிடித்துவிட்டது.

ஈரம் மெதுவாகப் போனால் அப்படித்தான் ஆகும். இதழ் மெல்லிசான பூவாக எடுங்கள். வழவழப்பு இல்லாத இரண்டு தாளுக்கு நடுவில் வைத்துக் கனம் ஏற்றி, முதல் சில நாள்கள் தினமும் தாளை மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். ஒட்டும்போது பூவுக்குப் பசை தடவாமல், காம்பின்மேல் ஒரு சின்னக் காகிதப் பட்டையைக் குறுக்கே ஒட்டுங்கள். கவிஞர் எமிலி டிக்கின்சன் சிறு வயதில் 424 செடி, பூக்களை இப்படித்தான் பட்டை போட்டு ஏட்டில் பதித்துப் பெயர் எழுதி வைத்தார். அந்த ஏடு இன்றும் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

கேள்வி: எனக்கு வரையத் தெரியாது, கையெழுத்தும் கோணல். ஸ்டிக்கர்களாக ஒட்டித் தள்ளினால் பக்கம் சந்தைக்கடை போல் ஆகிவிடுகிறது. எப்படி அலங்கரிப்பது?

ஒட்டிய பொருளையே முதலில் பாருங்கள். டிக்கெட் வெளிர் ரோஜா நிறம் என்றால் அந்த நிறத்தில் ஒரே ஒரு காகிதப் பட்டை போதும். தபால் உறைகளைப் பிரித்துப் பாருங்கள், உள்பக்கம் நீலத்தில் அழகான கோலங்கள் அச்சடித்திருக்கும். என் ஏடுகளில் பாதி அலங்காரம் அதிலிருந்து வெட்டியதுதான். பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை வெறுமனே விடுங்கள்.

ஒட்ட முடியாத பொருள்களுக்கு ஒரு வழி உண்டு. சாவி, நாணயம், இலை, பழைய வீட்டுக் கதவின் எண் பலகை, எதுவானாலும் மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அப்படியே பதியும். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது நான் வீட்டைச் சுற்றி வந்து இப்படித் தேய்த்து எடுத்துக்கொள்வேன். ஜன்னல் கம்பியின் பூவேலை, தரையின் சொரசொரப்பு, சுவிட்ச் பெட்டியின் விளிம்பு என்று ஒரு வீட்டையே நாலு பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். வரையத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

'இனிய நினைவுகள்' என்று அச்சடித்து வரும் ஸ்டிக்கர்களை நான் வாங்குவதில்லை. அந்த இடத்தில் உங்கள் கோணல் கையெழுத்து இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் பின்னாளில் தேடப்போவது அதைத்தான்.

கேள்வி: போன வருடம் அம்மா இறந்துவிட்டார். அவருடைய பர்ஸில், சாமான் வாங்க எழுதி வைத்த பட்டியல் ஒன்று மடித்தபடி இருந்தது. ஏட்டில் ஒட்ட ஆசை. ஆனால் பசையை எடுத்தாலே கை நடுங்குகிறது.

ஒட்டாதீர்கள், தம்பி. ஒன்றே ஒன்று இருக்கும் எதையும் பசையால் ஒட்டக் கூடாது. உங்கள் கை சரியாகத்தான் சொல்கிறது.

மடிப்பை மெதுவாகப் பிரித்து, சுத்தமான இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே லேசான கனம் வையுங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். மடிப்புக்கோடு முழுவதும் போகாது, போகவும் வேண்டாம், அது அவர் விரலால் நீவிய கோடு. நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். எந்தத் தாளின் முதுகில் எழுதினார், காலண்டர் தாளா, பழைய கடிதமா என்பதிலும் அம்மா இருக்கிறார். பால்பாயிண்ட் மை வெளிச்சத்தில் மங்கும், அதனால் பிரேம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம். கெட்டித் தாளில் முக்கோணமாக நாலு மூலைப்பை மடித்து, அந்தப் பைகளை மட்டும் பக்கத்தில் ஒட்டி, சீட்டை அதற்குள் செருகுங்கள். வேண்டும்போது எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கலாம், திரும்பச் செருகலாம்.

எதிர்ப்பக்கத்தில் நீங்கள் எழுத வேண்டியது இருக்கிறது. பட்டியலில் எந்தப் பொருள் யாருக்காக? எதை அடித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறார்? நின்றுகொண்டே எழுதுவாரா, உட்கார்ந்தா? கண்ணாடி போட்டுக்கொள்வாரா? உடன்பிறந்தவர்கள் இருந்தால் சீட்டை அவர்களிடம் காட்டிக் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை நிச்சயம் சொல்வார்கள். இன்றைக்கு முடியாவிட்டால் ஒரு காகித உறைக்குள் வைத்துவிடுங்கள். உறைமேல் 'அம்மாவின் பர்ஸில் இருந்தது' என்று பென்சிலால் முதலில் எழுதிவிட்டு, அப்புறம் சீட்டை உள்ளே வையுங்கள். உள்ளே வைத்தபின் எழுதினால் அழுத்தம் சீட்டில் பதிந்துவிடும்.

கேள்வி: என் நினைவுகள் எல்லாம் போனில்தான் இருக்கின்றன.

மாதக் கடைசியில் உட்கார்ந்து, நாலே நாலு படம் தேர்ந்தெடுத்துச் சின்ன அளவில் பிரிண்ட் போடுங்கள். எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம் வேண்டாம். காய்கிற துணி, திறந்து கிடக்கும் புத்தகம், செருப்பு விடும் இடம், இப்படி எடுங்கள். படத்தின் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், முன்பக்கம் புடைக்கும்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் அவள் கல், கிளிஞ்சல், குச்சி என்று மூட்டையாகச் சேர்க்கிறாள். எதையும் தூக்கிப் போட விடுவதில்லை.

ஒரு பெட்டி கொடுங்கள், மூடி சரியாக மூட வேண்டும் என்பது மட்டும் சட்டம். நிரம்பியதும் எதை எடுப்பது என்று அவளே முடிவு செய்யட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள். எடுத்ததைப் போடுவதற்கு முன் ஏட்டில் வைத்துச் சுற்றி பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோட்டுக்குள் அது எங்கே கிடைத்தது என்று அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அவள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். கிளிஞ்சலை மட்டும் நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாற்றம் அடிக்கும்.