காட்டுப்பாதையை மூடியது ‘கடவுள் செயல்’ ஆகுமா?

கேள்வி: நானும் என் தம்பியும் சென்ற செப்டம்பரில் கொலம்பியா போனோம். பெங்களூரில் உள்ள ஒரு பயண நிறுவனத்தில் விமானம், விடுதி, ‘லாஸ்ட் சிட்டி ட்ரெக், 4 நாள் 3 இரவு, வழிகாட்டியுடன்’ எல்லாம் சேர்த்து இருவருக்கும் 4,80,000 ரூபாய் கட்டினோம். சாந்தா மார்த்தா ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த மாதம் மலைப்பாதை மூடல் என்றார்கள். பதிலுக்கு ஒரு கடற்கரைக்கு அழைத்துப் போய், ஸ்பானிய மொழியில் இருந்த தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பணத்தைக் கேட்டால், “பழங்குடி மக்கள் மூடிவிட்டார்கள், அது கடவுள் செயல். நாங்கள் வெறும் இடைத்தரகர்கள். வழக்கு போடுவதென்றால் பெங்களூரில்தான் போட முடியும்” என்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகி, கோவை)

பதில்: முதலில் அந்தக் கடவுளை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடுவோம்.

நீங்கள் போக நினைத்தது சியூதாத் பெர்திதா, அதாவது ‘லாஸ்ட் சிட்டி’. சியர்ரா நெவாடா மலையில், புரிட்டாக்கா ஆற்றங்கரையிலிருந்து சுமார் 1,200 கல்படி ஏறினால் வரும் தைரோனா மக்களின் பழைய நகரம். புதையல் திருடர்கள் 1970களில் தோண்டித் தேடப் போய்த்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஆனால் கோகி, வீவா, அர்வாக்கோ, கன்குவாமோ என்ற நான்கு இன மக்களுக்கு அது இடிபாடு அல்ல, கோயில். அவர்களுடைய சடங்குகளுக்காகவும் பராமரிப்புக்காகவும் செப்டம்பரில் மூடுவது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம். நம்மூர் மலைக்கோயிலில் நடை சாத்தும் நாளைப் போலத்தான். நடை சாத்தும் நாளுக்கு தரிசன டிக்கெட் விற்றுவிட்டு, ‘கதவு மூடியது கடவுள் செயல்’ என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

புயல், நிலச்சரிவு என்றால் அவர்கள் வாதத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. இது முன்பே தெரிந்த மூடல். 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவைப் பாருங்கள். நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும் பிரிவு அது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பதும் அதையேதான். அவர் பெரும்பாலும் இரண்டாம் பத்தியோடு நிறுத்திக்கொள்வார். நீங்கள் மூன்றாம் பத்தியைக் காட்டுங்கள்: ஒரு காரியம் நடக்காது என்று தெரிந்தோ, நியாயமான அக்கறையோடு விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையிலோ ஒருவர் வாக்குக் கொடுத்து, அது மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால், வாக்குக் கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும். உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்தப் பத்திதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(11)ம் துணைக்கு வரும். தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்கிறது அது.

‘வெறும் இடைத்தரகர்’ என்ற வாதத்துக்கு உங்கள் கையில் உள்ள ரசீதே பதில் சொல்லும். நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். கொலம்பிய நிறுவனத்தின் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. யாருக்காக முகவர் வேலை செய்கிறோம் என்று பெயர் சொல்லாதவர், தானே பொறுப்பு என்று அனுமானிக்கிறது ஒப்பந்தச் சட்டப் பிரிவு 230. அதைவிட ருசியான விஷயம், ரசீதின் கடைசி வரியில் டிசிஎஸ் பிடித்திருக்கிறார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை ‘விற்பவர்’ வசூலிக்க வேண்டிய வரி அது. வருமான வரித்துறையிடம் விற்பனையாளர், உங்களிடம் மட்டும் தரகரா? உங்கள் பெயரில் கட்டிய வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் தரவிறக்கி, அந்தப் பதிவை அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.

பெங்களூருக்கு நீங்கள் அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34இன்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். அதனால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். ‘பெங்களூர் மட்டும்’ என்று அவர்கள் அச்சடித்த வரியைக் கண்டு பயப்படாதீர்கள். செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான் விசாரிக்கும், 5 லட்சம் வரை மனுக் கட்டணமே கிடையாது. ஒரு எச்சரிக்கை: அந்த நிபந்தனைகளையே ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று அறிவிக்கக் கேட்டால் வழக்கு மாநில ஆணையத்துக்குப் போய்விடும். அந்த வார்த்தையை மனுவில் தொடாமல், சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

ஸ்பானியத் தாள் கொஞ்சம் தொந்தரவு தரும். ‘மாற்றுப் பயணத்துக்குச் சம்மதம்’ என்று அதில் இருக்கக்கூடும். புரியாத மொழியில், வேறு வழியில்லாமல் போட்ட கையெழுத்து என்று அபிடவிட்டில் நேரடியாகச் சொல்லுங்கள், ஒளிக்காதீர்கள். அன்றிரவே உங்கள் தம்பி, “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம், எங்க பணத்தைத் திருப்பிக் குடுங்க” என்று நிறுவனத்துக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இங்கே தங்கம்.

தொகை விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். இருபது லட்சம் கேட்கலாம் என்று சொல்லும் என் சக வக்கீல்களும் உண்டு. நீங்கள் கொலம்பியக் கடற்கரை நகரமான கார்த்தஹேனாவில் மூன்று நாள் தங்கியிருக்கிறீர்கள், கடற்கரைப் படங்களில் சிரித்திருக்கிறீர்கள். அதையெல்லாம் எதிர்த்தரப்பு கேட்கும். மலைப்பயணத்தின் முழுத்தொகை, மலைக்காகவே போனோம் என்பதால் விமானக் கட்டணத்தில் ஒரு பங்கு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, செலவுத்தொகை என்று கேளுங்கள். ரசீதில் மலைப்பயணத்துக்குத் தனித்தொகை போடவில்லை. அந்தக் கணக்கை அவர்களையே தாக்கல் செய்யச் சொல்லி மனு கொடுக்கலாம்.

நோட்டீஸ் கட்டாயமில்லை என்றாலும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று அனுப்புங்கள். பலர் அந்தக் கட்டத்திலேயே பேச வருவார்கள். வழக்குக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. சாந்தா மார்த்தாவில் ‘மூடல்’ என்று சொன்ன நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள், பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அது நிற்காது.

வாட்ஸ்அப் போன்ற மின்னணுப் பதிவுகளுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023இன் பிரிவு 63 கேட்கும் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதற்கு அந்த போன் வேண்டும். தம்பி புது போன் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.