சம்பளக் கணக்கு மைனஸில் போனால்

வேலையை விட்டு ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பழைய சம்பளக் கணக்கில் மைனஸ் 1,416 ரூபாய், கணக்கை மூட அதைக் கட்டச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள்.

சம்பளம் நின்றதும் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறியிருக்கும். மினிமம் பேலன்ஸ் அபராதம் அப்படித்தான் ஏறியிருக்கும். ஆனால் அந்த அபராதத்தால் மட்டும் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. இது ரிசர்வ் வங்கி விதி, 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. பிடிப்பதற்கு முன் தகவல் சொல்லி ஒரு மாத அவகாசமும் தரவேண்டும்.

முதலில் ஸ்டேட்மென்ட் எடுத்து வரிவரியாகப் பாருங்கள். டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம் எல்லாம் வேறு கதை, அவற்றுக்கு இந்த விதி எடுபடாது. அப்புறம் அந்த அபராதத்தை நீக்கச் சொல்லிக் கிளையில் மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். என்னிடம் "சிஸ்டம் தானா பிடிக்குது சார்" என்று கையை விரித்த அதே கவுன்டரில், முத்திரை கேட்டதும் மேனேஜர் அறைக்கு அழைத்துப் போனார்கள்!

30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிப்பவர்) இணையத்திலேயே புகார் செய்யலாம், காசு கட்ட வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448-க்குப் போன் போடுங்கள்.