திரும்பி வந்த விமானி

கேள்வி: ஆசிரியர் ஐயா, போன மாதம் குடும்பத்தோடு ரோட்ரிக்ஸ் புறப்பட்டோம். தீவு வரைக்கும் போய், மேகத்துக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்காமலே நம் மொரீஷியஸின் பிளெசான்ஸ் விமான நிலையத்துக்கே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார் விமானி. நம் பக்கத்துத் தீவான ரியூனியனில் பிறந்த விமானி ரோலான் காரோஸ், அந்தக் காலத்திலேயே ஒற்றை எஞ்சினோடு மத்தியதரைக் கடலைத் தாண்டினார். இன்றைக்கு எல்லாம் கம்ப்யூட்டர். விமானிகளுக்குக் கைத்திறமையும் போய்விட்டது, துணிச்சலும் போய்விட்டது. நான் சொல்வது சரிதானே? ஹோட்டலுக்குக் கட்டிய பணமும் போயிற்று. இதோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதை விமான நிறுவனத்துக்கு அனுப்பிவையுங்கள்.
— ஒரு வாசகர், ரோஸ் ஹில்

பதில்: சரியில்லை. ஹோட்டல் பணம் போனதில் எனக்கும் வருத்தம்தான். மற்றதற்கெல்லாம் உங்களோடு சண்டை.

முதலில் ரோட்ரிக்ஸ். இங்கிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர், வழியெல்லாம் கடல். அங்கே இருப்பது பிளேன் கொராயில் ஒரே ஒரு விமான நிலையம், ஓடுபாதையும் குட்டை. அது மேகத்தில் மறைந்துவிட்டால் பக்கத்து ஊரில் இறக்கலாம் என்றால், பக்கத்து ஊர் கிடையாது. அடுத்த ஓடுபாதை நீங்கள் கிளம்பிய அதே தீவில்தான். அதனால் திரும்பி வருவதற்கான எரிபொருளையும் சுமந்துகொண்டுதான் அந்த விமானம் போகிறது. அந்தப் பங்கில் கைவைக்காமல் எத்தனை சுற்றுச் சுற்றலாம் என்பது கணக்கு. துணிச்சலுக்கு அங்கே வேலையே இல்லை.

நானும் ஒருமுறை இப்படித் திரும்பி வந்தவன்தான். பக்கத்து இருக்கைக்காரர் வழி நெடுக "பயந்தாங்கொள்ளிப் பயல்" என்று விமானியைத் திட்டிக்கொண்டே வந்தார். அரை மணிக்கு முன்னால் மேகத்துக்குள் விமானம் குலுங்கியபோது "முருகா, முருகா" என்று என் கையைப் பிடித்து நசுக்கியவரும் அவரேதான்.

அப்புறம் காரோஸ். ரியூனியன் விமான நிலையத்துக்கும் பாரிஸ் டென்னிஸ் மைதானத்துக்கும் அவர் பெயர்தான். (அவரை டென்னிஸ் வீரர் என்றே நம்பிக்கொண்டிருக்கும் பட்டதாரிகள் எனக்குத் தெரியும்.) ரியூனியனின் சேன் டெனியில் 1888-ல் பிறந்தவர். 1913 செப்டம்பர் 23 அன்று பிரான்சின் பிரெஜூஸிலிருந்து கிளம்பி, சுமார் 780 கிலோமீட்டரை 7 மணி 53 நிமிடத்தில் கடந்து, துனீசியாவின் பிசெர்த்தில் இறங்கினார். நடுவழியில் எஞ்சின் கோளாறு செய்தது. இறங்கியபோது தொட்டியில் மிச்சம் 5 லிட்டர்.

அந்த 5 லிட்டரைத்தான் எல்லோரும் வீரம் என்று கொண்டாடுகிறோம். அன்றைக்கு எதிர்க்காற்று கொஞ்சம் கூடுதலாக அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆளும் அதே ஆள்தான், கையும் அதே கைதான். ஆனால் கடலுக்குள் போயிருப்பார், ரியூனியன்காரர்கள் விமான நிலையத்துக்கு வேறு பெயர் தேடியிருப்பார்கள். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. முதல் தடவை யாராவது ஒருவர் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் அவர் தனியாகப் போனார், பணயம் வைத்தது தன் ஓர் உயிரை. உங்கள் விமானத்தில் உங்கள் பிள்ளைகள் இருந்தார்கள்.

இன்னொரு பிரெஞ்சுக்காரர், ழான் மெர்மோஸ். 1936 டிசம்பர் 7 அன்று தென் அட்லாண்டிக்கைத் தாண்ட டக்காரிலிருந்து கிளம்பினார். புரொப்பெல்லரில் கோளாறு தெரிந்ததும் திரும்பி வந்துவிட்டார், உங்கள் விமானியைப் போலவே. அவசரமாக எதையோ சரிசெய்தார்கள். வேறு விமானத்துக்காகக் காத்திருக்க மனமில்லாமல், அதே விமானத்தில் மறுபடி கிளம்பினார். பின்பக்க வலது எஞ்சினை நிறுத்துகிறோம் என்று 10.47-க்கு வானொலியில் ஒரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. விமானத்தில் இருந்தவர்கள் 5 பேர். அந்தக் கடலை இருபது தடவைக்கு மேல் தாண்டிய மனிதர் அவர்.

கம்ப்யூட்டர் வந்து கைத்திறமை போய்விட்டது என்கிறீர்களே, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 24, டொரன்டோவிலிருந்து லிஸ்பன் போகும் ஏர் டிரான்சாட் விமானம், ஏர்பஸ் ஏ330, உள்ளே 306 பேர். இரவு நேரம், அட்லாண்டிக் நடுவில் எரிபொருள் தீர்ந்து முதலில் ஓர் எஞ்சினும், பிறகு மற்றதும் நின்றுவிட்டன. அவ்வளவு பெரிய விமானத்தை 19 நிமிடம், ஏறத்தாழ 120 கிலோமீட்டர், காகிதப் பறவையைப் போல மிதக்கவிட்டு, அசோர்ஸ் தீவுகளில் லாஜெஸ் விமானத் தளத்தில் இறக்கினார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். அந்தக் கைகளைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

சரி, எரிபொருள் ஏன் தீர்ந்தது? சில நாள் முன்புதான் வலது எஞ்சினை மாற்றியிருந்தார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாத குழாய்களைப் பொருத்தியதில், அவை உரசி உரசி எரிபொருள் குழாய் ஓட்டையாகிவிட்டது. ஒரு பக்கத் தொட்டி வேகமாகக் குறைவதைக் கண்ட விமானிகள், செக்லிஸ்டைப் பிரித்துப் பார்க்காமல், ஞாபகத்திலிருந்தே இரண்டு பக்கத்தையும் இணைக்கும் வால்வைத் திறந்துவிட்டார்கள். நல்ல தொட்டியில் இருந்ததும் ஓட்டைக் குடத்தில் ஊற்றியதுபோலக் கடலுக்குப் போயிற்று. பின்னால் விசாரித்தவர்களும் இந்தத் தவறைத்தான் சுட்டினார்கள். ஆனால் அதே விமானிகள், எஞ்சின்கள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தபோதே, எரிபொருள் குறைகிறது, லிஸ்பன் வேண்டாம் என்று அசோர்ஸ் பக்கம் திரும்பியும் விட்டிருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. வான்வழி நெரிசலால் அன்றைக்கு அவர்களுக்கு வழக்கத்தைவிடத் தெற்கே தள்ளி வழி கொடுத்திருந்தார்கள். அது யாருடைய திறமையும் இல்லை. காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. வழக்கமான வழியாக இருந்தால் தீவு எட்டாமலே போயிருக்கலாம்.

பத்திரிகைகள் அந்த 19 நிமிடத்துக்கு மாலை போட்டன. நானும் பத்திரிகைக்காரன்தான், நானாக இருந்தாலும் அதைத்தான் முதல் பக்கத்தில் போட்டிருப்பேன். ஆனால் ஓட்டு கேட்டால், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோதே தீவைப் பார்த்து மூக்கைத் திருப்பிய அந்த நிமிடத்துக்குத்தான் என் ஓட்டு. அதைப் படம் எடுக்க முடியாது. அந்த நேரத்தில் பயணிகள் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். எழுப்பிச் சொல்லியிருந்தால் லிஸ்பனுக்குத் தாமதமாகிறதே என்று நம்மைப் போலத்தான் முணுமுணுத்திருப்பார்கள்.

கைத்திறமை மட்டும் போதும் என்று இன்னமும் தோன்றினால், 1977 மார்ச் 27-ஐ நினைத்துப் பாருங்கள். டெனரீஃப் தீவு, மூடுபனி, ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ ஜெட்கள், 583 சாவு. டவரின் அனுமதி வருமுன்பே விமானத்தைக் கிளப்பியவர் கற்றுக்குட்டி இல்லை. நெதர்லாந்தின் கே.எல்.எம். விமான நிறுவனத்தில் 747 ஜம்போ ஓட்டும் பயிற்சிக்கே தலைவர், அவர் முகத்தைப் போட்டுத்தான் நிறுவனம் விளம்பரம் செய்தது. விபத்துச் செய்தி வந்ததும், விசாரணைக்கு உதவ அவரையே அனுப்பலாம் என்று தேடினார்களாம். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று உடனிருந்த எஞ்சினியர் சந்தேகமாகக் கேட்டார். விலகிவிட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டார் அந்த மகா அனுபவசாலி.

விமானத்தை விடுங்கள். 2024 ஜனவரி 15, பெலால் புயல் அன்று போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் கொத்துக் கொத்தாக மிதந்ததே, மறந்துவிட்டதா? அந்தக் கார்களை ஓட்டியவர்களுக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாதா? இருபது முப்பது வருஷம் ஓட்டிய கைகள்தான். அன்று காலையில் வீட்டை விட்டுக் கிளம்பலாமா என்பதுதான் கேள்வியாக இருந்தது. அதற்கு நாமும் தப்பான பதில் சொன்னோம், நமக்குச் சொல்லவேண்டியவர்களும் நேரத்துக்குச் சொல்லவில்லை. மாயெபூரில் எனக்குத் தெரிந்த மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். விடியற்காலையில் கரைக்கு வந்து, பவளப்பாறைக்கு வெளியே அலை எழும்புவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். சில நாள் அப்படியே படகைத் தொடாமல் வீட்டுக்குப் போய்விடுவார். அவரைக் கோழை என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். ஏனென்றால் அவரிடம் நீங்கள் டிக்கெட் வாங்கவில்லை.

உங்கள் இணைப்புக் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். ஹோட்டல் பணத்தைப் பற்றிய முதல் பக்கம் நியாயமாக இருந்தது. அதை அந்த ஹோட்டலுக்கே எழுதுங்கள், விமானம் திரும்பிய விவரத்துக்கு ஒரு சான்று கேட்டு வாங்கி இணையுங்கள். விமானியைப் பற்றிய இரண்டாம் பக்கத்தை அனுப்பவில்லை. என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. ரோட்ரிக்ஸுக்கு மறுபடி டிக்கெட் எடுத்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். விமானம் ஏறும்போது நீங்களே அவர் கையில் கொடுத்துவிடலாம்.