பேறுகாலமும் பணமும்: மாற்றுத்திறனாளிப் பெண்களின் கேள்விகள்

சென்ற மாதம் தக்கலையில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கும்போது, ஊன்றுகோலோடு நின்ற ஒரு பெண் நாலாக மடித்த துண்டுச் சீட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சம். அவள் கேள்வி கடைசியில் வருகிறது. அதற்கு முன் மற்றவர்களுடையது.

வலது காலில் போலியோ. சான்றிதழில் 60 சதவீதம். மாதம் 1,500 ரூபாய் பென்ஷன் வருகிறது. இப்போது இரண்டு மாதம். "கர்ப்பிணிப் பணம் வாங்கினால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள்" என்கிறார் மாமியார். உண்மையா அக்கா? (கருங்கல்)

நிறுத்த மாட்டார்கள். மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பென்ஷன், நீங்கள் மாற்றுத்திறனாளி என்பதற்காக வருவது. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, நீங்கள் கர்ப்பிணி என்பதற்காக வருவது. ரெண்டும் ரெண்டு கணக்கு. சேர்த்து வாங்க முடியாதது வேறொரு ஜோடி: வருவாய்த் துறையின் பென்ஷனும், கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும். இவற்றில் ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். அந்த விதியை யாரோ பாதி கேட்டுவிட்டு வந்து பேறுகாலப் பணத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இரண்டு மாதம் என்கிறீர்கள், நல்லவேளை. 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. நாளைக்கே துணை சுகாதார நிலையத்துக்குப் போய் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். அவர் பதிவு செய்ததும் 12 இலக்க எண் ஒன்று வரும். பிக்மி நம்பர் என்பார்கள். பணத்துக்கு மட்டுமல்ல, பிறகு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். பீரோ கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மொத்த உதவி 18,000 ரூபாய். அதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000-க்கு நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் அடங்கிய பெட்டகம் இரண்டு தருவார்கள். மத்திய அரசின் தாய்மை உதவி 5,000 தனியாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். அது இந்த 14,000-க்குள் அடக்கம். வயது 19 முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பேறுகாலத்துக்குத்தான் உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்று: மத்திய அரசின் தாய்மை உதவித் திட்டத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ள பெண் என்பதே ஒரு தனித் தகுதி. ஆகவே பதிவு செய்யும் அன்றே யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலையும் கொடுத்து, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பின்னால் பிரசவ அறையில் உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதற்கும் அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

அப்புறம் வங்கி. பணம் வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது?" என்பதுதான். நீங்கள் பாஸ்புக் கொடுத்த கணக்கு ஒன்றாகவும், ஆதார் கடைசியாக இணைந்த கணக்கு வேறாகவும் இருக்கும். கல்யாணத்துக்கு முன் அம்மா வீட்டுப் பக்கம் தொடங்கிய பழைய கணக்கில் பணம் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக ஒரு ஆதங்கம். 2016-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைகள் சட்டம், 24-ஆம் பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குத் தருவதைவிட 25 சதவீதமாவது கூட்டித் தரச் சொல்கிறது. 18,000-க்கு அந்தக் கணக்கைப் போட்டால் 22,500. நம் கைக்கு வருவது அதே 18,000. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் இதை எழுதிக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தனியார் பள்ளியில் ஆசிரியை. ஒரு கண்ணில் பார்வையில்லை, மறு கண்ணிலும் குறைவு. மூன்று மாதம். ஏஜென்ட் ஒருவர், இப்போது மெடிக்ளைம் எடுத்தால் சிசேரியன் செலவு முழுவதும் கிடைக்கும் என்கிறார். எடுக்கலாமா? (மார்த்தாண்டம்)

இந்தப் பேறுகாலத்துக்காக என்றால் வேண்டாம். அவர் சொல்வது நடக்காது.

சாதாரண மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் 'விலக்குகள்' என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் 18-ஆவது வரிசையில் பேறுகாலம் இருக்கும். சுகப்பிரசவம், சிக்கலான பிரசவம், சிசேரியன் எல்லாம் அதில் அடக்கம். விபத்தால் அல்லாத கருச்சிதைவுக்கும் பணம் இல்லை. கரு, குழாயில் தங்கிவிடும் நிலைக்கு மட்டும் விதிவிலக்கு. பேறுகாலத்தையும் சேர்த்துத் தரும் பாலிசிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் காத்திருப்புக் காலம் உண்டு, குறைந்தது ஒன்பது மாதம், சிலவற்றில் மூன்று நாலு வருடம்கூட. ஏற்கெனவே உண்டானவளுக்கு அதனால் பயனில்லை. வீட்டுக்காரர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் குரூப் இன்சூரன்ஸ் இருந்தால் அதைப் போய் விசாரியுங்கள். அதில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பேறுகாலச் செலவு சேர்ந்திருக்கும், ஒரு உச்சவரம்போடு.

ஆனால் உங்களுக்கென்று ஒரு பாலிசி பிற்காலத்துக்குத் தேவைதான். இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். மூத்தவன் பிறந்த மறுவருடம் நாகர்கோவிலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். காலில் காலிப்பர் (தாங்கிக் கம்பி) போட்டு மாடி ஏறிய களைப்பு வேறு. பாரத்தில் 'உடல் குறை உண்டா' என்ற இடத்தில் 'உண்டு' என்று எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவை மூடி, பாரத்தை என் பக்கமே திருப்பி வைத்தார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று கேட்கலாம். 2023 பிப்ரவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா பொதுக் காப்பீட்டு, மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு பாலிசி கட்டாயம் வைத்திருக்க வேண்டும். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். பார்வைக் குறைபாட்டை மறைத்து மட்டும் பாலிசி எடுக்காதீர்கள். ஏஜென்ட் 'அதை எழுத வேண்டாம் டீச்சர்' என்பார். கிளைம் வரும் நாளில் அவர் போன் எடுக்க மாட்டார்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் அது பெரிய சிகிச்சைகளை மனதில் வைத்துச் செய்த திட்டம். பேறுகாலத்துக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ தக்கலை அரசு ஆஸ்பத்திரியோ போனால் அட்டையே தேவையில்லை. சிசேரியன், மருந்து, ரத்தம், ஸ்கேன் எல்லாம் இலவசம். சாப்பாடும் உண்டு, சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள். போக 108, பிள்ளையோடு வீடு திரும்ப 102.

அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) கணக்கு எழுதுகிறேன். காது கேட்காது. சம்பளம் 22,800. 21,000-ஐத் தாண்டியதால் இனி இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இல்லை என்கிறார் மேனேஜர். (குலசேகரம்)

மேனேஜர் சொல்வது மற்றவர்களுக்குச் சரி. மாற்றுத்திறனாளி ஊழியருக்கு வரம்பு 25,000. நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். சான்றிதழ் நகலை வைத்து எழுத்தில் கேளுங்கள். காது கேட்காதவருக்கு எழுத்து எப்போதுமே நல்லது, பதிலும் எழுத்தில் வரும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளுக்காவது பணம் கட்டியிருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பள அளவுக்கு உதவித்தொகை உண்டு. அதை வாங்குகிறவர்களுக்கு மத்திய அரசின் தாய்மை உதவி கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 26 வாரச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய நஷ்டமில்லை.

பாறசாலையில் கட்டிக்கொடுத்த என் நாத்தனாருக்குப் பார்வை கிடையாது. பிள்ளை பிறந்ததிலிருந்து மாதம் 2,000 வாங்குகிறாள். எல்லை தாண்டி இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு ஏன் இல்லை? (களியக்காவிளை)

அது கேரள அரசின் மாத்ருஜோதி திட்டம். மாற்றுத்திறனாளித் தாய்க்குப் பிள்ளை வளர்க்க இரண்டு வருடம் மாதாமாதம் தருகிறார்கள். அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான். நாத்தனார் முகவரியைக் கொடுத்து வாங்கலாமா என்ற உங்கள் அடுத்த வரிக்கு பதில்: வேண்டாம். இந்தப் பக்கம், மாற்றுத்திறனாளிகள் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் பேறுகால உதவித்தொகை உண்டு. பிரசவத்துக்கு முன்பே சேருங்கள். நாகர்கோவில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பாரம் கிடைக்கும்.

ஆனால் உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் இல்லை.

தபால் துறையில் வேலை. கால் ஊனம். எனக்குத் தனியாக ஏதாவது உண்டா? (இரணியல்)

உண்டு. மத்திய அரசு ஊழியரான மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு, பிள்ளைக்கு இரண்டு வயதாகும் வரை சிறப்புக் குழந்தைப் பராமரிப்புப் படி. முதலில் 3,000; 2024 ஜனவரி முதல் 3,750. உயிரோடு உள்ள முதல் இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைக்கும். விண்ணப்பம் கொடுக்காமல் தானாக வராது.

துண்டுச் சீட்டு: *ஆஸ்பத்திரியில் "உன்னைப் பார்க்கவே ஒரு ஆள் வேணும், இதுல பிள்ளை வேறயா" என்று கேட்டார்கள். பிரசவத்தோடு கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷனும் செய்துவிடுவார்களாம். பாரத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் பணம் வராதா?*

வரும். மகப்பேறு உதவிக்கும் அந்த ஆபரேஷனுக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் பதிலில் நான் சொன்ன அதே ஊனமுற்றோர் உரிமைகள் சட்டம், 10-ஆம் பிரிவு: உங்கள் சம்மதம் இல்லாமல், அதுவும் விவரம் புரிந்து நீங்களாகத் தரும் சம்மதம் இல்லாமல், கருத்தரிக்க முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது. கணவரோ மாமியாரோ போடும் கையெழுத்து உங்கள் கையெழுத்து ஆகாது. ஆபரேஷன் வேண்டுமென்று நீங்களே நினைத்தால் செய்துகொள்ளுங்கள், அது வேறு விஷயம்.

வலி வந்த பிறகு நீட்டப்படும் தாளைப் படிக்க யாராலும் முடியாது. அதனால் எட்டாம் மாதச் செக்கப்பிலேயே டாக்டரிடம், கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு, "இந்த பிரசவத்தோடு எனக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்று சொல்லி, கர்ப்பிணி அட்டையிலேயே அதை எழுதி வாங்கிவிடுங்கள். எழுத மறுத்தால் நீங்களே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, நகல் ஒன்றை அட்டைக்குள் வையுங்கள். சீட்டில் உங்கள் போன் நம்பர் இல்லை. தக்கலையில் அடுத்த கூட்டத்துக்கும் வருவேன். முன் வரிசையில் உட்காருங்கள்.