வழித்துணை

அன்புள்ள ஐயாவுக்கு,

பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். நானும் கார் வைத்திருக்கும் நண்பர்கள் மூவரும் இரண்டு ஆண்டுகளாக, ஆள்துணை இல்லாத வயதானவர்களை வேலூர் ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துப் போய் வருகிறோம். யாரிடமும் காசு வாங்குவதில்லை. இப்போது ஆட்டோ ஸ்டாண்டில் உள்ளவர்கள், "எங்கள் சவாரியைக் கெடுக்கிறீர்கள்" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்கள். பிள்ளைகள் பெங்களூரில் கைநிறையச் சம்பாதிக்கும் வீடுகளிலிருந்தும் கூசாமல் கூப்பிடுகிறார்கள். மனம் வெறுத்து நண்பர் ஒருவர் விலகிவிட்டார். நிறுத்திவிடலாமா என்று எனக்கும் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள ஐயா,

நிறுத்தாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

பெங்களூர்ப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படி ஒரு பிள்ளையாக இருந்தவன்தான். அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் கட்டிலில். போக, வர, காத்திருக்க என்று ஒரு பகல் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். மாதம் பிறந்தால் பணம் அனுப்பிவிடுவேன். அந்தப் பணத்தால் அம்மாவின் கையைப் பிடித்துப் படியிறக்க முடியாது என்பது எனக்கு உறைக்கவே வெகுநாள் ஆயிற்று.

கையைப் பிடித்தவர் எதிர்வீட்டு மாமா. லாரி ஓட்டி ஓய்ந்தவர், பழைய மாருதி கார் ஒன்று வைத்திருந்தார். முதல் நாள் அம்மா இறங்கும்போது இடது கையைப் பற்றித் தூக்கப் போய், செவிலியரிடம் திட்டு வாங்கினார். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கை அது. அதை இழுக்கக் கூடாது, அதில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பை கூட மாட்டக் கூடாது. அன்றிலிருந்து மாமா வலப்பக்கமாகவே நின்று தாங்கினார். சிகிச்சை முடிந்ததும் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அதனால் அம்மாவைக் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காரவைத்து, "அவசரமில்லை தங்கச்சி" என்று பக்கத்திலேயே நிற்பார்.

இதைவிட இன்னொன்று. சிறுநீரகம் வேலை செய்யாததால் அம்மாவுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். அக்கினி நட்சத்திர நாளில் வேலூர் எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரில் ஏசி கிடையாது. மாமா வழியில் எங்காவது புளியமர நிழலில் காரை நிறுத்தி, "டயரைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று இறங்குவாராம். காருக்குப் பின்னால் போய், அம்மா கண்ணில் படாமல் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவார். அம்மாவுக்கு அது தெரியும். தெரியாததுபோல் இருந்துவிடுவார். எனக்கு இதைச் சொன்னபோது அம்மாவின் குரல் தழுதழுத்தது.

நீங்கள் செய்யும் வேலையின் சாரம் எனக்கு இதில்தான் தெரிகிறது. உங்களிடம் கார் இருப்பது இரண்டாம் பட்சம். உயிருக்குப் போராடும் நேரத்துக்கு 108 இருக்கிறது, 2008-லிருந்து ஓடுகிறது. மாரடைப்பு, பாம்புக்கடி என்றால் உங்கள் காருக்காக யாரும் காத்திருக்கவே கூடாது, அதைத்தான் கூப்பிட வேண்டும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமும் இல்லை. ஆனால் மூட்டு தேய்ந்த பாட்டிக்குத் தடையாக இருப்பது பஸ் படி. படியேறி வேலூர் போய்ச் சேர்ந்தாலும், ஓ.பி. சீட்டு எடுக்க ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு கட்டடம், மருந்துக்கு இன்னொரு வரிசை. பெயர் கூப்பிடும் நேரத்தில் கழிவறைக்குப் போயிருந்தால் எல்லாம் முதலிலிருந்து. டாக்டர் இரண்டு நிமிடத்தில் சொல்வதைக் கேட்டு மனத்தில் வாங்கி, வீட்டுக்கு வந்து மறுபடி சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் எங்கும் கிடைப்பதில்லை.

நம் வடார்க்காட்டுக்கு இது பழைய கதை. 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவம் தொடங்கிய ஐடா ஸ்கடர், வர முடியாதவர்களைத் தேடிப் பின்னாளில் குடியாத்தம் சாலையோர மரத்தடிகளுக்கே மருந்துப் பெட்டியோடு போனார். ஆஸ்பத்திரி வளர்ந்து பெரிதாகிவிட்டது. வீட்டுத் திண்ணைக்கும் அதற்கும் நடுவில் உள்ள தூரம் பலருக்கு இன்னும் அப்படியே கிடக்கிறது. 2023 மே மாதம் நம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் ஊர்வரை போக முடியாமல், உடலைத் தாயே கையில் ஏந்திக் கிலோமீட்டர் கணக்கில் நடந்தார். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அங்கே நல்ல மனமும் நல்ல காரும் இருந்தென்ன? சாலை போடுவது அரசின் கடமை, அதைக் கேட்டு வாங்கியே தீர வேண்டும்.

ஆட்டோக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வேலூர்ச் சவாரி ஒன்று கிடைத்தால் அந்த வாரத் தவணையில் ஒரு பகுதி அடையும். அவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். பணம் கொடுக்கக்கூடிய வீடு என்றால் ஆட்டோ போகட்டும், வாடகையைப் பெங்களூர்ப் பிள்ளை கொடுக்கட்டும். உங்களில் ஒருவர் நோயாளியோடு துணைக்கு ஏறிக்கொள்ளுங்கள். முடியாதவர்களுக்கு மட்டும் உங்கள் கார். அந்த ஸ்டாண்டிலேயே ஓரிரண்டு பேர், மாதம் ஒரு சவாரி காசில்லாமல் நாங்களும் வருகிறோம் என்று சொல்வார்கள் என்பது என் நம்பிக்கை. எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இன்று மாலையே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. உங்கள் கார்கள் எல்லாவற்றின் இன்சூரன்ஸ் தாள்களையும் எடுத்துப் பாருங்கள். சட்டத்துக்காக எடுக்கும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், சொந்தக் காரின் உள்ளே உட்கார்ந்து வருபவருக்கு அதில் இழப்பீடு கிடைக்காது. உள்ளே வருபவரையும் சேர்த்துக்கொள்ளும் பேக்கேஜ் பாலிசியாக மாற்றிவிடுங்கள். காசு வாங்குவதில்லை என்ற உறுதியையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளை நம்பர் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டச் சட்டம் இடம் தரவில்லை.

காசு வேண்டாம் என்பது வேறு, எதுவுமே வேண்டாம் என்பது வேறு. அம்மா ஒருநாள் கொல்லை மரத்து முருங்கைக்காய்க் கட்டைக் காரில் வைத்தார். மாமா வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த முறை அம்மா வர மறுத்து, உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். மாமாவுக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலம் வந்து, "அந்த முருங்கைக்காய் இருக்கிறதா தங்கச்சி?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் அம்மா தானாகவே வந்து காரில் ஏறினார். பாட்டிமார் முந்தானையில் முடிந்து கொண்டுவரும் கடலையை நீங்களும் மறுக்காதீர்கள்.

நீங்கள் வேலூர் போகும் வழியில்தான் விரிஞ்சிபுரம் இருக்கிறது. அங்கே குடியிருக்கும் இறைவனுக்கு வழித்துணைநாதர் என்று பெயர். வழிப்பறிக்கு அஞ்சிய மிளகு வணிகர் ஒருவருக்குத் துணையாகக் கூடவே போனார் என்பது கதை. கோபுரம் கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு மாமாவின் முகம் நினைவுக்கு வருகிறது.

விலகிய நண்பரை மறுபடி அழையுங்கள். ஓட்ட வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் போனை எடுத்து, யாருக்கு என்றைக்கு முறை என்று நோட்டில் எழுதிவைத்தால் போதும் என்று சொல்லிப் பாருங்கள்.

நான் வேலையை விட்டு ஊருக்கே வந்துவிட்டேன். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காத்திருக்கும் கூடத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு உட்காரத் தெரியும். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் எனக்கு வேறு வேலை இல்லை. உங்கள் நோட்டில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.