4கே லேப்டாப்பில் பிளகின்கள் எல்லாம் பொடிப்பொடியாகத் தெரிகின்றன. பெரிதாக்க வழி உண்டா?

கேட்டவர் புதுச்சேரியில் வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்திருக்கிறார். புதிதாக வாங்கியது 15.6 அங்குல 4கே லேப்டாப், விண்டோஸ். நானும் பக்கத்தில் கடலூரில் இதே தொழில்தான், அதனால் விவரமாகவே சொல்கிறேன். பிளகின் என்பது ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் மாட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள். அதைத் தாங்கும் ஏபில்டன், கியூபேஸ், ரீப்பர், எஃப்எல் ஸ்டூடியோ போன்றவைதான் ஹோஸ்ட்.

உங்கள் திரையில் 3840 × 2160 பிக்சல் இருக்கிறது. அதாவது ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 282. பழைய பிளகின் ஒன்றை 600 × 400 பிக்சல் என்று கட்டி வைத்திருந்தால், உங்களிடம் அது ஐந்தரை சென்டிமீட்டருக்கு மூன்றரை. தீப்பெட்டிதான். அதே பிளகின் 24 அங்குல சாதாரண ஃபுல் எச்டி மானிட்டரில் பதினாறரை சென்டிமீட்டர் அகலத்துக்கு விரியும். ஆகவே தவளக்குப்பம் கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்.

பழைய பிளகின்களில் குமிழ் என்பது வெறும் படம். அறுபத்து நான்கோ நூற்று இருபத்தெட்டோ நிலைகளை ஒரே நீளப் படமாக அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் திருப்பத் திருப்ப அடுத்த துண்டைக் காட்டும். பெரிதாக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும். விஎஸ்டி என்பது பிளகின்களுக்கான ஒரு வடிவம். அதன் பழைய பதிப்பான விஎஸ்டி 2-இல், திரையில் எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்று ஹோஸ்ட் பிளகினிடம் சொல்ல முறையான வழியே கிடையாது. 2008-இல் வந்த விஎஸ்டி 3-இல்தான் அதற்குப் பிற்பாடு வழி செய்தார்கள். இரண்டு வடிவமும் இருந்தால் விஎஸ்டி 3-ஐப் போடுங்கள், ஆனால் புது புராஜெக்டில் மட்டும். பாதி முடிந்த புராஜெக்டில் மாற்றினால் செட்டிங் எல்லாம் அப்படியே வந்துவிடும் என்று நம்பாதீர்கள்.

எதையும் கிளிக் செய்வதற்கு முன்னால் ஜன்னலை நன்றாகப் பாருங்கள், கோளாறு யார் பக்கம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். எழுத்து சின்னது, ஆனால் கூர்மையாக இருக்கிறதா? உயர் டிபிஐ, அதாவது அங்குலத்துக்குப் பிக்சல் அதிகமான திரை என்பது ஹோஸ்டுக்குத் தெரிகிறது, பிளகினுக்குத் தெரியவில்லை. அளவு சரி, ஆனால் மங்கலா? விண்டோஸே படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறது. எரிச்சலானது மூன்றாவது வகை: பிளகின் தன்னை 200 சதவீதத்தில் வரைந்துகொள்ளும், ஹோஸ்டோ 100 சதவீத அளவுக்குத்தான் ஜன்னல் கொடுத்திருக்கும். மேல் இடது மூலை மட்டும் தெரியும், அவுட்புட் குமிழ் ஜன்னலுக்கு வெளியே எங்கோ கிடக்கும். சில சமயம் படம் முழுதாகத் தெரிந்தாலும், கிளிக் செய்த குமிழை விட்டுவிட்டுப் பக்கத்துக் குமிழ் திரும்பும். இந்த வகைக்கு பிளகினுக்குள் எதைத் தேடியும் பயனில்லை, ஹோஸ்டில்தான் கை வைக்க வேண்டும்.

சின்னதாக ஆனால் கூர்மையாக இருப்பவற்றுக்கு முதலில் பிளகினுக்குள்ளேயே தேடுங்கள். லோகோவில் கிளிக், காலி இடத்தில் வலது கிளிக், கீழ் வலது மூலையைப் பிடித்து இழுப்பது, இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் வேலை செய்யும். அங்கே இல்லையென்றால் ஹோஸ்டில் தேடுங்கள். ஏபில்டனில் பிளகினின் தலைப்புப் பட்டியில் வலது கிளிக் செய்தால் 'ஆட்டோ ஸ்கேல்' இருக்கும். கியூபேஸ் 10 முதல் பிரிஃபரன்சஸில் ஹை-டிபிஐ என்று ஒரு டிக் உண்டு. ரீப்பரில் பிளகின் பெயரில் வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ்' போய்த் தனி புராசஸாக ஓட விடலாம். எஃப்எல் ஸ்டூடியோவில் அதே வேலைக்கு, ராப்பர் (பிளகினைச் சுற்றியிருக்கும் உறை) செட்டிங்கில் பிரிட்ஜ். தனியாக ஓடும்போது விண்டோஸ் அந்த ஒன்றை மட்டும் பெரிதாக்கிக் கொடுக்க வாய்ப்பு உண்டு. கொஞ்சம் சிபியு தின்னும், நாற்பது ட்ராக்கிலும் போட வேண்டாம்.

எதுவும் நடக்கவில்லையென்றால் ஹோஸ்டின் இஎக்ஸ்இ கோப்பில் பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ செட்டிங்ஸ் போய் ஓவர்ரைடை டிக் செய்து 'சிஸ்டம்' தேர்ந்தெடுங்கள். மொத்த மென்பொருளும் மங்கிவிடும், அதனால் எனக்கு இது பிடிக்காது. அதைவிட, மிக்ஸிங் முடியும் வரை திரையை 1920 × 1080-க்கு மாற்றிவிடலாம். நீளத்திலும் அகலத்திலும் சரிபாதி என்பதால் விண்டோஸின் 150 சதவீத ஸ்கேலிங் (எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்குவது) அளவுக்குக் கண்ணை உறுத்தாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மாசி மகம் நெருங்கினால் அம்மன் பாட்டு ரெக்கார்டிங்குக்கு ஆள் மேல் ஆள் வருவார்கள். பாடகர் பின்னால் நின்றுகொண்டு "அண்ணே, அந்த 'ஸ்' சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க" என்பார். அந்தச் சத்தத்தைக் குறைக்கும் டீ-எஸ்ஸர் பிளகினில் இருப்பது மைனஸ் 13-ஆ 18-ஆ என்று அந்த நேரத்தில் மூக்கை ஒட்டிப் பார்க்க முடியுமா? ரீப்பரில் பிளகின் ஜன்னலில் 'யூஐ' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் அலங்காரமெல்லாம் போய் வெறும் ஸ்லைடர்களும் எண்களும் வரும். அழகில்லை, ஆனால் தெளிவாகப் படிக்கலாம். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் பழைய கம்ப்ரெஸர் பிளகின்கள் சிலவற்றை நான் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

மேக்கில் இந்தத் தொல்லை குறைவு. ரெட்டினா திரையில் பழைய பிளகினையும் இரட்டிப்பாக்கியே காட்டும், மங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

பணம் செலவழிக்கத் தயார் என்றால் 27 அங்குல 2560 × 1440 மானிட்டர் ஒன்று வாங்கி லேப்டாப்பில் மாட்டுங்கள். அங்குலத்துக்கு 109 பிக்சல்தான், ஸ்கேலிங்கை 100-இலேயே விடலாம். இசை வேலைக்கு 15 அங்குலத்தில் 4கே வீண் என்பது என் கருத்து, வீடியோ ஆட்கள் சண்டைக்கு வரலாம். நேரு வீதியோ காமராஜர் சாலையோ, எந்தக் கடைக்குப் போனாலும் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். உங்களிடம் இருப்பதிலேயே பழைய பிளகினை அங்கேயே அந்த மானிட்டரில் திறந்து, ஒரு கை நீளம் தள்ளி உட்கார்ந்து எண்களைப் படித்துப் பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.